பெரிய கார் நாட்டில் ஓடிய சின்னக் கார்கள்: அமெரிக்கர்கள் இன்னும் மறக்காத இறக்குமதி வண்டிகள்

பழைய அமெரிக்கக் கார் என்றதும் நம் கண்முன் வருவது நீளமான உடம்பும், மீன் துடுப்பு போன்ற பின்பக்கமும், கண்ணைப் பறிக்கும் குரோமியமும்தான். படங்களில் பார்த்த காடிலாக், செவர்லே போன்ற வண்டிகள் கப்பல் மிதப்பதுபோல் சாலையில் போகும். அமெரிக்காவில் பழைய கார் ஆர்வலர்கள் கூடும் இடங்களில் இன்றும் அவற்றுக்குத்தான் முதல் மரியாதை.

ஆனால் அதே கூட்டங்களில், அந்தப் பெரிய வண்டிகளின் ஓரத்தில், சில சின்ன வண்டிகளும் நிற்கும். ஃபோக்ஸ்வேகன் வண்டு, ரெனோ டோஃபின், நாஷ் மெட்ரோபாலிட்டன், டட்சன் 510, முதல் தலைமுறை ஹோண்டா சிவிக் என்று அந்த வரிசை நீளும். இவற்றில் எதுவும் அமெரிக்காவில் செய்யப்பட்டதல்ல. விலை மலிவு, எஞ்சின் சிறிது, சொகுசு குறைவு. அப்படி இருந்தும், ஆறு லிட்டர் எஞ்சின் வண்டி வைத்திருப்பவர்கூட இவற்றின் அருகில் வந்து நின்று, "எங்கள் வீட்டில் இது ஒன்று இருந்தது" என்று சொல்லாமல் போவதில்லை.

இந்தச் சின்னக் கார்கள் அந்த நாட்டுக்குள் எப்படி நுழைந்தன, எவை நிலைத்தன, எவை காணாமற்போயின, அவற்றால் யாருக்கு லாபம், யாருக்கு அடி என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கும் பயனுள்ளது. ஏனெனில் இவற்றில் பல, வேறு பெயரில் நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடியவைதாம்.

பெரியதே பெருமை என்ற காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் வேலை இருந்தது, பணம் இருந்தது, பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. நகரங்களுக்கு வெளியே புதிய குடியிருப்புகள் எழுந்தன. 1956-ஆம் ஆண்டில் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்கான சட்டம் வந்தது. டெட்ராய்ட் நகரத்து நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் காரை இன்னும் நீளமாக, இன்னும் அகலமாக, இன்னும் பளபளப்பாகச் செய்தன.

1959-ஆம் ஆண்டு காடிலாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 5.7 மீட்டர், எடை இரண்டு டன்னுக்கு மேல், எஞ்சின் கொள்ளளவு 6.4 லிட்டர். அதே ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் வண்டு நான்கு மீட்டரைச் சற்றே தாண்டும். அதன் எஞ்சின் 1.2 லிட்டர்தான். காடிலாக்கின் எஞ்சின் அளவில் ஐந்து வண்டுகளின் எஞ்சின்களை அடக்கிவிடலாம்.

பெரிய கார் செய்தால் லாபமும் பெரிது. சின்னக் கார் செய்யவும் ஏறக்குறைய அதே அளவு உழைப்பு வேண்டும், ஆனால் விலையைக் குறைத்துத்தான் விற்க வேண்டும். டெட்ராய்ட் நிறுவனங்கள் சின்னக் கார் பக்கம் திரும்பாததற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம். அந்த வெற்றிடத்தில்தான் வெளிநாட்டு வண்டிகள் வந்து நின்றன.

இரண்டே வண்டியில் தொடங்கிய வண்டு

1949-ஆம் ஆண்டில் பென் போன் என்ற டச்சு வணிகர் ஃபோக்ஸ்வேகன் கார்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அந்த ஆண்டு அங்கே விற்றவை இரண்டே இரண்டு. போர் முடிந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் பிறந்த ஒரு காரை அமெரிக்கர்கள் வாங்குவார்கள் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அந்தக் காரில் சில நல்ல குணங்கள் இருந்தன. எஞ்சின் பின்னால் இருந்தது, காற்றால் குளிர்ந்தது. ரேடியேட்டர் இல்லை, ஆகவே கொதித்துப் போகவும் தண்ணீர் இல்லை, குளிரில் உறைந்து போகவும் தண்ணீர் இல்லை. ஓர் அமெரிக்கக் கேலன் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 30 மைல், அதாவது லிட்டருக்கு 12 முதல் 13 கிலோமீட்டர் ஓடியது. விலை சுமார் 1,500 டாலர். அப்போது ஒரு செவர்லே இம்பாலா 2,500 டாலருக்கு மேல்.

குறைகளும் இருந்தன. 1962 மாடல் வரும்வரை அமெரிக்காவில் விற்ற வண்டில் பெட்ரோல் அளவு காட்டும் கருவியே கிடையாது. எஞ்சின் திணறத் தொடங்கியதும், காலருகே உள்ள ஒரு திருகைத் தட்டிவிட்டால் தொட்டியின் அடியில் மிச்சம் வைத்திருக்கும் பெட்ரோல் வரும். அதற்குள் பெட்ரோல் நிலையத்தைப் பிடித்தாக வேண்டும். முன்கண்ணாடியில் தண்ணீர் தெளிக்கும் கருவிக்குச் சில மாடல்களில் ஸ்பேர் டயரின் காற்றழுத்தத்தைத்தான் பயன்படுத்தினார்கள். பழைய வண்டு வைத்திருப்பவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் விவரங்கள் இவை.

1955-இல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகனின் சொந்தக் கிளை நிறுவனம் தொடங்கியது. அந்த நிறுவனம் ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருந்தது. விற்பனையாளர் எவரானாலும் உதிரிப்பாகங்களைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும், பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவர் இருக்க வேண்டும். வண்டியை விற்றுவிட்டுக் கைகழுவும் வேலை அங்கே நடக்கவில்லை. மற்ற ஐரோப்பியக் கார்கள் தோற்ற இடத்தில் வண்டு நின்றதற்கு இதுவே பெரிய காரணம்.

1959-இல் டாய்ல் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் வண்டுக்கான விளம்பரத்தை ஏற்றது. பெரிய வெள்ளைப் பக்கத்தில் ஒரு மூலையில் சின்னதாகக் கார் படம். "சின்னதாக யோசியுங்கள்" என்ற பொருள்படும் இரண்டே சொல் தலைப்பு. எல்லாரும் தங்கள் காரைப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சின்னது என்பதையே பெருமையாகச் சொன்னது அந்த விளம்பரம். விளம்பரத் துறை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

1969-இல் ஜான் மியூர் என்பவர், ஒன்றும் தெரியாதவரும் தம் ஃபோக்ஸ்வேகனைத் தாமே பழுதுபார்க்கும்படி ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். கையில் பணம் இல்லாத இளைஞர்கள் அதைப் பார்த்துத் தெருவோரத்திலேயே எஞ்சினை இறக்கி ஏற்றினார்கள். 1972 பிப்ரவரியில் ஒன்றரைக் கோடியைத் தாண்டி, ஃபோர்டு மாடல் டி காரின் உற்பத்திச் சாதனையை வண்டு முறியடித்தது.

வந்த வேகத்தில் மறைந்தவை

வண்டின் வெற்றியைப் பார்த்து ஐரோப்பாவிலிருந்து பல கார்கள் வந்தன. நம் நாட்டில் ஆசிரியர்களும் தோட்டக் கிராணிமார்களும் ஓட்டிய மோரிஸ் மைனர் அங்கேயும் விற்றது. முன்பக்கமே கதவாகத் திறக்கும் பிஎம்டபிள்யூ இசெட்டாவும் போனது.

இவற்றில் வித்தியாசமான பிறப்பு கொண்டது நாஷ் மெட்ரோபாலிட்டன். பெயர் அமெரிக்கப் பெயர், விற்றதும் அமெரிக்க நிறுவனம். ஆனால் செய்தது இங்கிலாந்தில் லாங்பிரிட்ஜில் இருந்த ஆஸ்டின் தொழிற்சாலை. எஞ்சினும் ஆஸ்டினுடையதே. கணவர் பெரிய காரில் வேலைக்குப் போனபின், வீட்டில் இருக்கும் மனைவி கடைக்கும் பள்ளிக்கும் போய்வர ஓர் இரண்டாவது கார் என்பதுதான் திட்டம். இரண்டு வண்ணப் பூச்சு, பொம்மை போன்ற உருவம். தொடக்கத்தில் வெளியிலிருந்து திறக்கும் பூட் மூடியே இல்லை. சாமான் வைக்க வேண்டுமானால் பின் இருக்கையை மடித்துத்தான் வைக்க வேண்டும். 1959 வாக்கில்தான் மூடி வந்தது. 1962-இல் விற்பனை நின்றது. இன்று கண்காட்சிகளில் பிள்ளைகள் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது இந்த வண்டியைத்தான்.

ரெனோ டோஃபினின் கதை வேறு. பிரான்ஸில் 1956-இல் வந்த அழகான சின்னக் கார். நகரத்துக்குள் மெதுவாக ஒலிக்க ஒன்று, நெடுஞ்சாலையில் உரக்க ஒலிக்க ஒன்று என்று இரண்டு விதமான ஹாரன் ஓசை அதில் உண்டு. அமெரிக்கர்கள் மயங்கிப்போனார்கள். 1959-இல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டிகள் விற்று, வண்டுக்கே போட்டியாக நின்றது.

ஆனால் 845 சிசி எஞ்சின் அமெரிக்க நெடுஞ்சாலைக்குப் போதவில்லை. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு டோஃபினின் மெல்லிய தகரத்தை அரித்துத் தின்றது. பழுதானால் உதிரிப்பாகம் கிடைக்கவில்லை, பழுதுபார்க்கத் தெரிந்த ஆளும் கிடைக்கவில்லை. இரண்டே ஆண்டில் விற்பனை சரிந்து, விற்காத வண்டிகள் தேங்கிக் கிடந்தன.

டெட்ராய்டின் முதல் பதில்

1959-இல் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இறக்குமதி வண்டி. அதற்குமேல் டெட்ராய்ட் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் செவர்லே கார்வேர், ஃபோர்டு ஃபால்கன், பிளிமத் வேலியன்ட் ஆகிய மூன்று நடுத்தரக் கார்கள் வந்தன. ஃபால்கன் மட்டும் முதல் ஆண்டில் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. இறக்குமதியின் பங்கு 1962-க்குள் பாதியாகக் குறைந்தது. பல ஐரோப்பிய நிறுவனங்கள் கடையைக் கட்டின. வண்டு மட்டும் அசையவில்லை, மேலும் வளர்ந்தது.

பிரச்சினை தீர்ந்தது என்று டெட்ராய்ட் நினைத்தது. ஃபால்கனும் வேலியன்ட்டும் ஆண்டுக்கு ஆண்டு சற்றே பெருத்துக்கொண்டு போயின. மீண்டும் கீழே ஓர் இடம் காலியானது. இந்த முறை அந்த இடத்துக்கு வந்தவர்கள் கிழக்கிலிருந்து வந்தார்கள்.

தோற்றுத் திரும்பிய டோயோட்டா

இன்று உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றான டோயோட்டா, 1957-இல் ஹாலிவுட்டில் ஓர் அலுவலகம் திறந்தது. 1958-இல் அது அமெரிக்காவில் விற்ற டோயோபெட் கிரவுன் கார்கள் 287 மட்டுமே. ஜப்பானின் கரடுமுரடான சாலைகளுக்காகக் கட்டப்பட்ட அந்த வண்டி கனமாக இருந்தது. எஞ்சினுக்கு வலு இல்லை. கலிபோர்னியாவின் அதிவேகச் சாலைகளில் நீண்ட நேரம் ஓட்டினால் சூடேறித் திணறியது. சில ஆண்டுகளில் டோயோட்டா அதன் விற்பனையை நிறுத்தியது.

ஆனால் கடையை மூடவில்லை. என்ன குறை என்று பார்த்து, அமெரிக்கச் சாலைக்கு ஏற்றபடி கொரோனா என்ற காரைத் தயாரித்து 1965-இல் மீண்டும் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்துக் கொரோலா வந்தது. ரெனோவும் டோயோட்டாவும் ஒரே சாலையில்தான் தோற்றன. தோற்றபின் செய்தது என்ன என்பதில்தான் இருவருக்கும் வித்தியாசம்.

"மிஸ்டர் கே"யும் டட்சன் 510-உம்

டட்சன் என்ற பெயரில் கார் விற்ற நிசான் நிறுவனம், யுதாகா கதயாமா என்பவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அமெரிக்கர்கள் அவரை "மிஸ்டர் கே" என்று அழைத்தார்கள். அவர் கார்களை நேசித்தவர். 1958-இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய ஒரு கடினமான கார்ப் போட்டியில் டட்சன் குழுவுக்குத் தலைமை தாங்கி, தம் வகுப்பில் வெற்றி பெற்றுத் திரும்பியவர்.

அவருடைய காலத்தில் 1967-இன் இறுதியில் வந்த டட்சன் 510, சின்னக் கார் என்றால் மட்டம் என்ற எண்ணத்தை உடைத்தது. 1.6 லிட்டர் எஞ்சின், முன்பக்க டிஸ்க் பிரேக், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என, விலை அதிகமான ஜெர்மன் கார்களில் இருந்த வசதிகள் 2,000 டாலருக்குச் சற்றுக் குறைவான விலையில் கிடைத்தன. 1971, 1972 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், பீட் பிராக்கின் குழுவுக்காக ஜான் மார்ட்டன் ஓட்டிய 510, 2.5 லிட்டர் பிரிவில் டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரை வென்றது. பால் வாங்கவும் பள்ளிக்கும் போகும் ஒரு கார் ஐரோப்பியப் பந்தயக் கார்களை முந்தியதை அமெரிக்க இளைஞர்கள் மறக்கவில்லை. இன்று நல்ல நிலையில் உள்ள 510-க்கு ஆர்வலர்கள் போட்டி போடுகிறார்கள். கதயாமா 2015-இல் 105-ஆம் வயதில் மறைந்தார்.

நம் ஊரில் டாக்சியாகவும் குடும்பக் காராகவும் ஓடிய டட்சன் 120ஒய்யை மறந்திருக்க மாட்டீர்கள். அதே வண்டி அமெரிக்காவில் பி210 என்ற பெயரில் விற்றது. அங்கே அதை வாங்கியவர்களும் கல்லூரி மாணவர்கள், செவிலியர்கள், தொழிலாளர்கள் போன்றவர்களே. குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் ஓடும் என்பதுதான் அங்கேயும் அதற்கிருந்த நற்பெயர்.

ஏற்கத்தக்கதல்ல என்று சொல்லப்பட்ட கார்

எல்லாச் சின்னக் காரும் நல்ல கார் அல்ல. 1968-இல் மால்கம் பிரிக்லின் என்ற அமெரிக்க வணிகர் சுபாரு 360 என்ற ஜப்பானியக் குட்டிக் காரை இறக்குமதி செய்தார். 356 சிசி எஞ்சின், விலை 1,297 டாலர். எடை 1,000 பவுண்டுக்குள், அதாவது சுமார் 450 கிலோவுக்குள் அடங்கியதால், புதிதாக வந்த பாதுகாப்பு விதிகள் அதைக் கட்டுப்படுத்தவில்லை. அந்த ஓட்டையைப் பயன்படுத்தியே வண்டி உள்ளே வந்தது.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற பயனீட்டாளர் இதழ் அதைச் சோதித்து, "ஏற்கத்தக்கதல்ல" என்று எழுதியது. வேகம் எடுக்காது, பெரிய காருடன் மோதினால் தாங்காது என்பதே அதன் கவலை. விற்பனை நின்றது. ஆனால் சுபாரு நிறுவனம் பாடம் கற்றுக்கொண்டு, சில ஆண்டுகளில் முன்சக்கர இயக்கக் கார்களுடன் தலைநிமிர்ந்தது. பிரிக்லின் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் இந்தக் கதையில் மீண்டும் வருவார்.

யானைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம்

1973 அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆதரவளித்த அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்ப அரபு நாடுகள் மறுத்தன. ஒரு பீப்பாய் எண்ணெய் சுமார் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசை. பல மாநிலங்களில் பதிவெண் ஒற்றைப்படை உள்ளவர்களுக்கு ஒரு நாள், இரட்டைப்படை உள்ளவர்களுக்கு மறுநாள் என்று முறை வைத்தார்கள். 1974-இல் நாடு முழுவதும் வேகவரம்பு மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது.

அதுவரை சின்னக் காரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதைத் தேடிப் போனார்கள். டெட்ராய்டிடமும் சின்னக் கார்கள் இருந்தன. 1970-இல் வந்த ஃபோர்டு பின்டோவும் செவர்லே வேகாவும் அவைதாம். ஆனால் அவசரத்தில் செய்த வேலை கெட்டது. வேகாவின் எஞ்சின் சூடேறிக் கெட்டது, உடல் துருப்பிடித்தது. பின்னாலிருந்து மோதினால் பெட்ரோல் தொட்டி தீப்பற்றும் அபாயம் இருந்ததால், 1978-இல் பின்டோ உள்ளிட்ட 15 லட்சம் வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைக்க நேர்ந்தது. நம் நாட்டுப் பொருளையே வாங்கலாம் என்று நினைத்தவர்களையும் இந்த அனுபவங்கள் ஜப்பானியக் கார் பக்கம் தள்ளின.

ஹோண்டா சிவிக் காட்டிய வழி

1970-இல் அமெரிக்கா கடுமையான தூய காற்றுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கார்ப் புகையில் உள்ள நச்சைப் பெருமளவு குறைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். குறித்த காலத்துக்குள் முடியாது என்று பெரிய நிறுவனங்கள் வாதாடின. மோட்டார் சைக்கிள் செய்து வளர்ந்த ஹோண்டா, முடியும் என்று செய்து காட்டியது.

சிவிசிசி என்ற அந்த எஞ்சினின் தத்துவம் எளிது. எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் இருந்தால் நச்சுப்புகை குறையும். ஆனால் அப்படிப்பட்ட கலவை எளிதில் பற்றிக்கொள்ளாது. ஆகவே ஹோண்டா, முக்கிய அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையை வைத்தது. அதில் பெட்ரோல் செறிந்த கலவை. ஸ்பார்க் பிளக் முதலில் அதைப் பற்றவைக்கும். அந்தத் தீ முக்கிய அறைக்குள் பரவி, அங்குள்ள மெல்லிய கலவையை முழுமையாக எரித்துவிடும். நேராகப் பெரிய விறகில் நெருப்பு வைக்காமல், முதலில் சுள்ளியைப் பற்றவைத்து அடுப்பை மூட்டுவதுபோல.

இந்த எஞ்சினுடன் 1975 மாடலாக வந்த சிவிக், கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்ற புகை சுத்திகரிப்புக் கருவி இல்லாமலேயே சட்டத்தை நிறைவேற்றியது. சின்ன எஞ்சினுக்குத்தான் இது சரிப்படும் என்று சொன்னவர்களுக்குப் பதிலாக, ஒரு பெரிய செவர்லே இம்பாலாவை வாங்கி, அதன் எஞ்சினையும் இதே முறைக்கு மாற்றி, அரசாங்கச் சோதனையில் தேற வைத்தது ஹோண்டா.

தொழிலாளியின் கோபம் யார்மீது விழுந்தது?

இந்தக் கதையில் ஆர்வலர்கள் மட்டும் பேசினால் போதாது. 1979-இல் ஈரான் புரட்சியால் இரண்டாவது எண்ணெய் நெருக்கடி வந்தது. 1980-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் இறக்குமதி. கிரைஸ்லர் நிறுவனம் அரசாங்கத்தின் கடன் உத்தரவாதத்தால்தான் பிழைத்தது. டெட்ராய்டில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அதே தொழிற்சாலையை நம்பியிருந்த குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது நம் மக்கள் பட்ட தவிப்பை அறிந்தவர்களுக்கு, அந்தக் குடும்பங்களின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கோபம் தவறான இடத்தில் விழுந்தது. பெரிய கார் லாபத்தையே பார்த்துக் காலத்தைக் கோட்டை விட்ட நிர்வாகிகள்மீது அல்ல, ஜப்பானியர்போல் தோற்றமளித்த எவர்மீதும் அது பாய்ந்தது. ஜப்பானியக் கார்களைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கும் நிகழ்ச்சிகள் நடந்தன. 1982 ஜூன் மாதம் டெட்ராய்ட் அருகே வின்சென்ட் சின் என்ற 27 வயது சீன வம்சாவளி இளைஞர், ஒரு கார் நிறுவன மேற்பார்வையாளராலும் அவருடைய வளர்ப்பு மகனாலும் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொல்லப்பட்டார். உங்களால்தான் எங்களுக்கு வேலை போனது என்ற பொருளில் அவர்கள் பேசியதைக் கேட்டதாகச் சாட்சி இருந்தது. சின் ஜப்பானியர் அல்லர். அவரும் கார்த் தொழிலைச் சார்ந்த ஒரு நிறுவனத்தில் வரைவாளராக இருந்தவர்தாம். அவருக்குத் திருமணம் நடக்க ஒரு சில நாள்களே இருந்தன. கொன்றவர்களுக்கு மாநில நீதிமன்றம் கொடுத்தது நன்னடத்தைக் காவலும் தலா 3,000 டாலர் அபராதமும். அவர்கள் சிறைக்குப் போகவில்லை. அந்தத் தீர்ப்புக்கு எதிராகத்தான் அமெரிக்காவில் ஆசிய வம்சாவளியினர் இனம் கடந்து ஒன்று திரண்டார்கள்.

1981-இல் ஜப்பான், ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டது. எண்ணிக்கைக்கு வரம்பு வந்ததால், ஜப்பானிய நிறுவனங்கள் விலை கூடிய கார்களை அனுப்பத் தொடங்கின, அமெரிக்காவிலேயே தொழிற்சாலைகளும் கட்டின. 1982 நவம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில் நகரில் ஹோண்டாவின் முதல் அமெரிக்கக் கார் வெளிவந்தது. மலிவுக் கார் என்ற இடம் மூன்றாவது முறையாகக் காலியானது.

யூகோ, எக்செல், நம் சாகா

அந்த இடத்துக்கு 1985-இல் வந்தது யூகோ. யூகோஸ்லாவியாவில் செய்யப்பட்ட இந்தக் காரை 3,990 டாலருக்கு விற்றவர் அதே மால்கம் பிரிக்லின். புதிய கார் ஒன்றை இவ்வளவு மலிவாக வாங்க முடியும் என்றதும் கூட்டம் அலைமோதியது. பிறகு புகார்கள் வந்தன. டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றாவிட்டால் எஞ்சினே பாழாகும். மலிவு வண்டி வாங்கியவர்களில் பலர் அந்தப் பராமரிப்பைச் செய்யவில்லை. யூகோ கேலிப்பொருளானது. பின்கண்ணாடியில் சூடேற்றி எதற்கு என்றால், வண்டியைத் தள்ளும்போது கை குளிராமல் இருக்க என்று அமெரிக்கர்கள் ஜோக் அடித்தார்கள். சுமார் 1,40,000 வண்டிகள் விற்றபின், 1992-இல் யூகோஸ்லாவியா சிதறிய நேரத்தில் அதன் கதையும் முடிந்தது.

1986-இல் தென்கொரியாவின் ஹுண்டாய் எக்செல் 4,995 டாலரில் வந்து, முதல் ஆண்டிலேயே 1,68,882 வண்டிகள் விற்றுச் சாதனை படைத்தது. அதன் எஞ்சின் மிட்சுபிஷியின் ஓரியன் குடும்பத்தைச் சேர்ந்தது. 1985 ஜூலை 9-இல் நம் நாட்டில் அறிமுகமான புரோட்டோன் சாகாவுக்கும் அதே குடும்பத்து எஞ்சின்தான். ஆக, அமெரிக்கச் சாலையில் ஓடிய எக்செலுக்கும் நம் சாகாவுக்கும் எஞ்சின் வழியில் உறவு உண்டு. சாகாவையும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோக 1980-களின் பிற்பகுதியில் ஒரு முயற்சி நடந்தது. அதிலும் சம்பந்தப்பட்டவர் பிரிக்லின்தான். அது கைகூடவில்லை.

எக்செலின் தொடக்க வெற்றியும் நிலைக்கவில்லை. தரம் குறைவு என்ற பேச்சு பரவி விற்பனை சரிந்தது. ஹுண்டாய் அந்தப் பெயரைத் துடைக்க ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு மேல் உழைத்தது. 1990-களின் இறுதியில் எஞ்சினுக்கும் கியருக்கும் பத்து ஆண்டு உத்தரவாதம் கொடுத்துத்தான் நம்பிக்கையைத் திரும்பப் பெற்றது.

எல்லாரிடமும் இருந்தது, யாரும் வைத்திருக்கவில்லை

இவ்வளவு விற்ற கார்கள் இன்று ஏன் அரிதாகிவிட்டன? விலையுயர்ந்த காரை வாங்கியவர் கொட்டகை போட்டுப் பாதுகாத்தார். மலிவுக் காரை வாங்கியவர் தினமும் ஓட்டினார். பிள்ளைக்குக் கொடுத்தார், பிள்ளை நண்பனுக்கு விற்றான். பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையைத் தாண்டியதும் அது பழைய இரும்புக் கடைக்குப் போனது. வட மாநிலங்களில் மிச்சத்தைத் துரு தின்றது. ஆயிரக்கணக்கில் ஓடிய டோஃபினும் எக்செலும் இன்று காண்பதற்கே அரிது. மழையும் உப்பும் குறைந்த கலிபோர்னியாவில்தான் பல வண்டிகள் பிழைத்தன.

அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய பழைய கார் சங்கம் ஒன்று, 25 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழங்கால வண்டிகளாக ஏற்கிறது. நாடு எது என்று பார்ப்பதில்லை. கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் 2005 முதல் பழைய ஜப்பானியக் கார்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடக்கிறது. டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் உள்ள லேன் மோட்டார் அருங்காட்சியகம், யாரும் சீந்தாத சின்ன ஐரோப்பியக் கார்களையே முக்கியமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. தோல்வி அடைந்த கார்களுக்கென்று கேலியாகப் பரிசு கொடுக்கும் விழாவும் உண்டு. அங்கே யூகோவுக்குத் தனி மதிப்பு.

பெரிய காடிலாக் பலருக்கும் கனவுதான், அதைச் சொந்தமாக ஓட்டியவர் சிலர். ஆனால் முதல் சம்பளத்தில் வாங்கிய கார், பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து அழைத்துவந்த கார், வேறு ஊருக்கு வேலை தேடிப் போன கார் என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்வது ஒரு சின்னக் காரின் பெயர்தான். அந்த நினைவுதான் இன்று அந்த வண்டிகளைத் துருவிலிருந்து மீட்கிறது.

நம்மிடமும் இதே நிலைதான். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களின் முதல் காடி மோரிஸ் மைனராகவோ, 120ஒய்யாகவோ, சாகாவாகவோ இருந்திருக்கும். ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் நின்ற அந்த வண்டிகள் இப்போது எத்தனை மிச்சம்? வீட்டின் பின்னால் தார்ப்பாய் போர்த்தி ஒன்று நின்றால், இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடும் முன் கொஞ்சம் யோசியுங்கள். கிராண்ட் பத்திரத்தைத் தேடி எடுங்கள், அந்த வண்டியின் நெளிவு சுளிவு தெரிந்த ஒரு பழைய போர்மெனிடம் காட்டுங்கள். ஓட வைக்க முடியாவிட்டாலும், அதை யார் வாங்கினார், எத்தனை வெள்ளி கொடுத்தார், அதில் எங்கெல்லாம் போனார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, பழைய புகைப்படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். வண்டி போனாலும் அந்தக் கணக்கு பிள்ளைகளிடம் இருக்கட்டும்.